தொபியாஸ் பாட்டிலில் அடைத்த சத்தம்

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இறங்குகிற சந்தில் தொபியாஸின் சைக்கிள் கடை இருந்தது. கடை என்றால் மூன்று பக்கம் தகரம், நாலாவது பக்கம் தொபியாஸ். அந்த நாலாவது பக்கத்தைத் தாண்டி யாரும் சும்மா உள்ளே போய்விட முடியாது. ஒரு கதையாவது கேட்டாக வேண்டும்.

அன்று மத்தியானம் ரோஸ்லின் கதை கேட்கிற நிலைமையில் இல்லை. எட்டு மாதக் குழந்தையை நெஞ்சோடு சேர்த்துத் துணியில் கட்டிக்கொண்டு, கணவனின் மலை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, எஸ்டேட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் ஏறி வந்திருந்தாள். குழந்தை ஜோவிட்டா தூங்கி நாலு நாள் ஆகிறது. ரோஸ்லினும்தான். கண்ணை மூடினால் குழந்தை மூச்சு விடுகிறதா என்று பயம். விரலை அதன் மூக்கடியில் வைத்துப் பார்ப்பாள். மூச்சு வரும். அடுத்த மூச்சு வருமா என்று உட்கார்ந்திருப்பாள். டாக்டரம்மா சோதித்துப் பார்த்துவிட்டு, "குழந்தை கல்லு மாதிரி இருக்கு. நீதான் துணி மாதிரி இருக்கே. போய்த் தூங்கு," என்று அனுப்பிவிட்டார்.

குழந்தை ஏன் தூங்கவில்லை என்பது ரோஸ்லினுக்குத் தெரியும். டாக்டரம்மாவிடம் சொல்லத்தான் வெட்கமாக இருந்தது.

அவள் கணவன் செல்வின் தேயிலை எஸ்டேட்டில் சூப்பர்வைசர். அவன் சைக்கிளின் பின்கியர் ஒரு வருஷமாகக் 'கிரிக் கிரிக் டக்' என்று கத்திக்கொண்டிருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சைக்கிளை முன்னறையில் தலைகீழாகக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றி, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடுவான். பக்கத்துப் பாயில் கிடக்கும் ஜோவிட்டா அதைக் கேட்டபடியே தூங்கிப் போவாள். பிறந்த நாள் முதல் அப்படித்தான். அது சத்தத்தால் வந்த தூக்கம் என்று அதுவரை வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு ஒரு நாள் மேனேஜர் செல்வினைக் கூப்பிட்டார். "உன் சைக்கிள் ரெண்டு வளைவுக்கு அந்தாண்ட வரும்போதே எல்லாரும் எழுந்து வேலை செய்ய ஆரம்பிச்சுடறாங்கப்பா. நீ போனதும் உட்கார்ந்துடறாங்க. அந்தச் சத்தத்தை நிறுத்திட்டு வா," என்றார். செல்வின் சைக்கிளைத் தொபியாஸிடம் கொடுத்தான். ஒரே நாளில் சத்தம் நின்றது. "பெரிய ஆபரேஷன் தம்பி. வேரோட எடுத்துட்டேன். தையல் பிரிஞ்சிடும், அந்த இடத்துல யாரும் கை வைக்கக் கூடாது," என்று தொபியாஸ் சொல்லி அனுப்பினார்.

அன்று சாயங்காலம் செல்வின் பெடலைச் சுற்றினான். சக்கரம் வெண்ணெயில் சுழல்வதுபோல் சுழன்றது. ஜோவிட்டா சக்கரத்தைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள். அப்போது ஆரம்பித்த அழுகைதான். மிக்ஸியை ஓடவிட்டுப் பார்த்தார்கள், காப்பிக்கொட்டை டப்பாவைக் குலுக்கிப் பார்த்தார்கள், ஒன்றும் பலிக்கவில்லை. "அந்த கியரைக் கொஞ்சம் திருகிப் பாருங்களேன்," என்று ரோஸ்லின் கெஞ்சினாள். செல்வின் மாட்டேன் என்றுவிட்டான். ஆபரேஷன் செய்த இடமாயிற்றே!

ஆகவே ரோஸ்லின் கடை வாசலில் நின்றாள். கடைக்குள் ஏற்கெனவே ஒரு ஆள் இருந்தார். கேரட் ஏற்றுகிற பிக்கப் வண்டி ஓட்டும் ஹாலன், பழைய டயர் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வருஷமாக அதே டயர், அதே டீ, அதே தொபியாஸ்.

"அண்ணா..." என்றாள் ரோஸ்லின்.

"வா தங்கச்சி, வா வா. செல்வின் வீட்டம்மாதானே? சைக்கிள் எப்படி? சத்தம் இருக்கா?"

"இல்லண்ணா, அதுதான்..."

"இருக்காது. எப்படி இருக்கும்? ஹாலா, கேட்டுக்கோ. இந்தத் தங்கச்சி வாயாலயே வந்திருச்சு." தொபியாஸ் சைக்கிளை வாங்கி, கூரையிலிருந்து தொங்கிய கயிற்றுக் கொக்கியில் மாட்டினார். பின்சக்கரம் அந்தரத்தில் நின்றது. "பின்கியர்ங்கிறது சாதாரணமா தங்கச்சி? செயினை ஒரு பல்லுலேர்ந்து அடுத்த பல்லுக்குத் தள்ளிவிடற கை அது. அந்தக் கை ஒரு நூல் தப்பினாப் போதும், கத்தும். அதோட வாயை மூட வைக்கிற ஆள் நீலகிரியில ஒருத்தன்தான். பேரைச் சொன்னா தற்பெருமை ஆயிடும்."

"தொபியாஸ்," என்றார் ஹாலன் டீயை உறிஞ்சியபடி.

"அவன் சொல்றான், நான் சொல்லல."

ரோஸ்லின் வாயைத் திறந்தாள், மூடினாள். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது என்று கான்வென்ட்டில் சிஸ்டர் பெர்னதெத் பதினொரு வருஷம் ஸ்கேலால் சொல்லிக்கொடுத்திருந்தார். பேச வேண்டுமானால் கையைத் தூக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ரோஸ்லின் தன்னையறியாமல் வலது கையைக் காதுவரை தூக்கினாள். தொபியாஸ் அதைப் பார்க்கவில்லை. அவர் ஏற்கெனவே அடுத்த கதைக்குக் கிளம்பிவிட்டிருந்தார்.

"போன வருஷம் பெங்களூர்லேர்ந்து ஒருத்தன் வந்தான். விலை உசந்த சைக்கிள். ஆனா கியர் கத்துற கத்துல ஊர்ல இருக்கிற நாய் பூரா அவன் பின்னாடி. நான் ஒரு தட்டுத் தட்டினேன், ஒரு திருகு திருகினேன். போய்யான்னேன். ஏறி மிதிச்சான். சத்தம்னு ஒண்ணு இருந்தாத்தானே ஓடுறோம்னு தெரியும்? அவனுக்கு ஒண்ணும் தெரியல. 'வண்டி இன்னும் கெளம்பலையே'ன்னு நெனச்சு மிதிச்சுக்கிட்டே இருந்திருக்கான். கடைசியில பக்கத்துல நின்ன ஒரு ஆள்கிட்ட, 'அண்ணே, இது கோத்தகிரிதானே?'ன்னு கேட்டிருக்கான். அவர், 'இது மேட்டுப்பாளையம் மார்க்கெட்டு தம்பி'ன்னாரு!"

"மேட்டுப்பாளையம் வரைக்கும் எறக்கம்தானேய்யா," என்றார் ஹாலன். "என் பிக்கப்பே எஞ்சினை ஆஃப் பண்ணினா சத்தமில்லாமப் போகும்."

"எறக்கம் சரி. அப்புறம் கோயம்புத்தூர் போயிட்டானே, அதுவும் எறக்கமா?"

"இப்ப மேட்டுப்பாளையம்னியே?"

"மேட்டுப்பாளையத்துல கேட்டான். கோயம்புத்தூர்லதான் நம்பினான்."

குழந்தை சிணுங்கியது. ரோஸ்லின் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு ஆடினாள். தூக்கிய கை தூக்கியபடியே இருந்தது.

"அதை விடு," என்று தொபியாஸ் ஸ்பேனரைத் தோளில் போட்டுக்கொண்டார். "கோடநாடு ரோட்டுல ஒரு வாத்தியார். அவர் சைக்கிளுக்கு நான் கொடுத்தது கொஞ்சம் ஒசந்த அமைதி. காலையில பனி. முன்னாடி காட்டெருமைக் கூட்டம். வழக்கமா கியர் சத்தத்தைக் கேட்டு நகர்ந்துடும். இவர் வர்றது ஒரு எருமைக்கும் தெரியல. இவருக்கும் பனியில எருமை தெரியல. நேரா கூட்டத்துக்கு நடுவுல போயிட்டாரு. ஒரு தாய் எருமை இவரை மோந்து பார்த்துது. கன்னுக்குட்டின்னு நெனச்சு நக்க ஆரம்பிச்சிருச்சு!"

"ஐயோ," என்றாள் ரோஸ்லின். செல்வினும் அந்த வழியாகத்தான் தினமும் வருகிறான். அவள் உள்ளங்கை குழந்தையின் முதுகை இறுக்கிக்கொண்டது.

"பயப்படாதே தங்கச்சி. பாசமாத்தான் நக்கிச்சு. வாத்தியார் கடைக்கு வந்தப்ப சட்டையில இடது பக்கம் கிடையாது. நக்கியே தேச்சிருச்சு. அதுக்கப்புறமும் அந்த எருமை ஸ்கூல் கேட்டு வரைக்கும் தினமும் அவரைக் கொண்டுவந்து விட்டுட்டுப் போகும்."

"மத்தியானம் சாப்பாடு கொண்டாந்து குடுக்கலையா?" என்றார் ஹாலன்.

"புல்லுக்கட்டு கொண்டாந்துது. வாத்தியாருக்கு ஒத்துக்கல."

ஹாலன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். அது அவர் பாணி. கிளாஸைக் கையில் வைத்திருந்தால் கேட்கிறார், கீழே வைத்தால் சண்டைக்கு வருகிறார். "தொபி, நீ எதையும் மூடுவேன்னு சொல்றே. அளவு ஒண்ணு இருக்குல்ல?"

"அளவு!" தொபியாஸ் குரலைத் தாழ்த்தினார். "அந்த வார்த்தையைச் சொல்லாதே. ஒரே ஒரு தடவை அளவு தவறிருச்சு. இந்தக் கையாலதான். ஒரு திருகு கூடப் போயிட்டேன். கியர் அமைதியாச்சு. சரின்னு பார்த்தா, சக்கரம் அமைதியாச்சு. மணி அடிச்சேன், மணி கேக்கல. சுத்தியலை எடுத்து இந்த இரும்புல ஓங்கிப் போட்டேன், பஞ்சுல போட்ட மாதிரி. அமைதி கியரை விட்டு வழிய ஆரம்பிச்சிருச்சுய்யா! வாசப்படி தாண்டி, சந்து தாண்டி, பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருச்சு. கண்டக்டர் 'ஊட்டி ஊட்டி'ன்னு வாயைத் திறந்து திறந்து மூடுறான், ஒருத்தன் ஏறல. மழை வந்துச்சு. தகரத்துல விழற சத்தமே இல்ல. நனைஞ்சப்புறம்தான் ஜனங்களுக்கே மழைன்னு தெரிஞ்சுது."

"சர்ச்சுக்கும் போச்சா?" என்று கேட்டுவிட்டாள் ரோஸ்லின். நாலு நாள் தூங்காத தலைக்குள் அந்த அமைதி உண்மையாகவே பரவிக்கொண்டிருந்தது.

"போகாம? அன்னிக்கு ஞாயித்துக்கிழமை. ஃபாதர் ரெண்டு மணி நேரம் பிரசங்கம் பண்ணினாரு. ஒரு வார்த்தை கேக்கல. எல்லாரும் வெளிய வந்து, இப்படி ஒரு பிரசங்கம் இதுவரைக்கும் கேட்டதே இல்லன்னு அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க."

ரோஸ்லினுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததற்காகச் சட்டென்று சிலுவை போட்டுக்கொண்டு, கையை மறுபடியும் காதுவரை தூக்கினாள்.

ஹாலன் துள்ளி எழுந்தார். "மாட்டிக்கிட்டே! நான் பொறந்ததுலேர்ந்து இந்த ஊர்லதான் இருக்கேன். ஞாயித்துக்கிழமை எங்கயும் போக மாட்டேன். எனக்கு ஒண்ணும் கேக்கலையே!"

"அதைத்தான்யா நானும் சொல்றேன்," என்றார் தொபியாஸ். "ஒண்ணும் கேக்கலைல்ல?"

ஹாலன் தன் காதைத் தடவிப் பார்த்தார். பிறகு டயரில் உட்கார்ந்து கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"அப்ப எடுத்த சத்தமெல்லாம் எங்க போகுது?" என்று டீயைப் பார்த்துக் கேட்டார். தோற்றவன் கேட்கிற கேள்வி.

"கேட்டியே, இதுதான் கேள்வி. சத்தத்தைக் கண்ட இடத்துல கொட்டக் கூடாது. ஆரம்பத்துல தெரியாம பின்னாடி ஓடையில கொட்டிட்டேன். அந்த ஓடைத் தவளை எல்லாம் இன்னிக்கும் கியர் மாத்தி மாத்தித்தான் கத்துது. அதுலேர்ந்து பாட்டில்தான்." தொபியாஸ் மேலே கையை நீட்டினார். தகரச் சுவரில் அறைந்த பலகையில், வாயில் துணி கட்டிய பழைய ஊறுகாய் பாட்டில்கள் தூசி படிந்து வரிசையாக இருந்தன. "ஒவ்வொண்ணுலயும் ஒரு கியரோட சத்தம். இங்க எடுத்த ஒரு சத்தமும் வீணாப் போனதில்ல. ஒரு தடவை எலி ஒரு மூடியைக் கடிச்சிருச்சு. வெளிய வந்த சத்தத்துல எலிக்குக் காது போச்சு. இப்ப பூனை வந்தாக்கூட திரும்பிப் பார்க்காம நடக்குது. பூனையே பயந்து ஊரை விட்டுப் போயிருச்சு."

சொல்லி முடித்துவிட்டு, கைத்தட்டலுக்குக் காத்திருக்கிறவர்போலத் தொபியாஸ் ஒரு கணம் நிறுத்தினார். ரோஸ்லின் வந்ததிலிருந்து அவர் நிறுத்தியது அதுதான் முதல் தடவை. அப்போதுதான் தூக்கியபடி நின்ற அவள் கை அவர் கண்ணில் பட்டது.

"என்ன தங்கச்சி? சொல்லு."

"அண்ணா," என்றாள் ரோஸ்லின். "எங்க சைக்கிள் சத்தம் எந்த பாட்டில்ல இருக்கு?"

"ஏன்?"

"எனக்கு அது திரும்ப வேணும்."

டீ ஹாலனின் மூக்கு வழியாக வந்தது.

தொபியாஸ் முப்பது வருஷமாகக் கடை நடத்துகிறார். சத்தம் போகவில்லை என்று சண்டை போட்டவர்கள் உண்டு. சத்தத்தைத் திருப்பிக் கொடு என்று வந்து நின்றவர்கள் கிடையாது. "வெளையாடாதே தங்கச்சி," என்றார்.

ரோஸ்லின் விளையாடவில்லை. இத்தனை நேரம் அடக்கிவைத்தது எல்லாம் ஒரே மூச்சில் வந்தது. பாய், கவிழ்த்த சைக்கிள், கிரிக் கிரிக் டக், நாலு நாள், மிக்ஸி, டாக்டரம்மா. "அது இல்லாம இவ தூங்க மாட்டேங்கிறாண்ணா. குழந்தை தூங்காம எத்தனை நாள் இருக்கும்? ஏதாவது ஆயிடுமோன்னு பயமா இருக்கு. நீங்கதான் வேரோட எடுத்துட்டதாச் சொன்னீங்களாம். ஆனா பாட்டில்ல இருக்குன்னா..." அவள் பலகையை நிமிர்ந்து பார்த்தாள். "கொஞ்சமாவது குடுங்கண்ணா."

தன் பெயரைக் கேட்டதுபோல ஜோவிட்டா அந்த நேரம் பார்த்து வாயைத் திறந்தாள். சந்து முழுக்க நிரம்புகிற அழுகை. பஸ் ஸ்டாண்டில் ஊட்டிக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்த கண்டக்டர் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"எடு பாட்டிலை," என்றார் ஹாலன். இத்தனை சந்தோஷமாக அவர் ஒரு வார்த்தை சொல்லிப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். "தங்கச்சி கேக்குதுல்ல? எடு."

"அது... புது சத்தம். இன்னும் ஊறல."

"ஊறாட்டி பரவாயில்ல. எடு."

தொபியாஸ் ஒரு பாட்டிலை எடுத்தார். துணியை அவிழ்த்தார். உள்ளே நாலு நட்டு, ஒரு துருப்பிடித்த வாஷர். குலுக்கினார். ஜோவிட்டா ஒரு விநாடி நிறுத்தி, பாட்டிலைப் பார்த்துவிட்டு, முன்னைவிடப் பலமாக ஆரம்பித்தாள். தொபியாஸ் வாயாலேயே 'கிரிக் கிரிக்' என்று சொல்லிப் பார்த்தார். ஊர் முழுக்க அமைதியைப் பரப்பிய ஆள் குழந்தை முன்னால் முழங்காலிட்டு அணில் மாதிரி கத்தினார். அழுகை ஏறியது.

"அளவு தவறி ஒரு திருகு கூடப் போயிட்டியே, அந்த மாதிரி இப்ப ஒண்ணு போ," என்றார் ஹாலன்.

தொபியாஸ் ரோஸ்லினைப் பார்த்தார். அவள் கன்னத்தில் கண்ணீர் ஓடுவது அவளுக்கே தெரியவில்லை. குழந்தையின் மூக்கடியில் விரலை வைத்திருந்தாள். அழுகிற குழந்தை மூச்சு விடாமலா அழும்? அதுகூட அவளுக்குத் தோன்றாத அளவுக்குப் பயம்.

தொபியாஸ் எழுந்தார். ஒரு வார்த்தை பேசாமல் தொங்குகிற சைக்கிளுக்குப் பின்னால் போய், ஹாலனுக்கு மறைகிறமாதிரி முதுகைக் காட்டி நின்றார். ஆனால் ரோஸ்லின் இந்தப் பக்கம் இருந்தாள். அவளுக்கு எல்லாம் தெரிந்தது. பின்கியருக்குள் கேபிள் நுழைகிற இடத்தில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு கறுப்புக் குமிழ். தொபியாஸ் இரண்டு விரலால் அதைப் பிடித்து, கடிகாரம் சுற்றுகிற திசையில் கால் சுற்று திருகினார். பெடலைக் கையால் சுற்றினார்.

கிர்ர்ர் டக்.

"இது இல்லண்ணா," என்றாள் ரோஸ்லின். "ரெண்டு கிரிக். அப்புறம்தான் டக்."

இன்னும் ஒரு மயிரிழை திருகினார்.

கிரிக் கிரிக் டக். கிரிக் கிரிக் டக்.

ஜோவிட்டாவின் அழுகை பாதியில் அறுந்தது. ஈரக் கண்ணோடு சக்கரத்தைத் திரும்பிப் பார்த்தாள். தொலைந்துபோன ஆள் வீட்டுக்கு வந்தால் பார்க்கிற பார்வை. கொட்டாவி விட்டாள். மூன்றாவது சுற்றில் இமை இறங்கியது. ஐந்தாவது சுற்றில் தலை அம்மாவின் தோளில் சாய்ந்தது.

தொபியாஸ் கையை எடுத்தார். சத்தம் நின்றது. ஜோவிட்டா அசைந்தாள், உதடு பிதுங்கியது. தொபியாஸ் பாய்ந்து பெடலைப் பிடித்துச் சுற்றினார். உதடு உள்ளே போயிற்று.

ரோஸ்லின் தன் விரல்களைக் காற்றில் கால் சுற்று திருகிப் பார்த்துக்கொண்டாள். சாயங்காலம் இந்தப் பக்கம், காலையில் செல்வின் கிளம்பும்போது அந்தப் பக்கம். வீட்டுக்குச் சத்தம், மேனேஜருக்கு அமைதி. சரியா என்பதுபோல் தொபியாஸைப் பார்த்தாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். அவள் சுவரோரம் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். நாலு நாளுக்குப் பிறகு, முதுகு எதன் மேலோ சாய்ந்தது.

ஹாலன் எழுந்து சைக்கிளைச் சுற்றி வந்தார். குமிழைப் பார்த்தார். தொபியாஸின் விரலைப் பார்த்தார்.

"கால் சுத்தா?" என்றார் மெதுவாக. "பெரிய ஆபரேஷன். வேரு. தையல். ரெண்டு வெரலு, கால் சுத்து!"

தொபியாஸ் வாயைத் திறந்தார். ரோஸ்லின் கண்ணைத் திறக்காமலே கையைத் தூக்கினாள். இந்தத் தடவை காதுவரை அல்ல. வகுப்பை அடக்க சிஸ்டர் பெர்னதெத் தூக்குவாரே, அப்படி. தொபியாஸ் வாயை மூடிக்கொண்டார். கை பெடலைச் சுற்றிக்கொண்டே இருந்தது.

ஹாலனுக்குப் புரிந்தது. பன்னிரண்டு வருஷத்தில் இப்படி ஒரு மத்தியானம் வாய்த்ததில்லை. டயரை இழுத்துத் தொபியாஸின் காதுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். குழந்தை எழுந்துவிடாதபடி ரகசியக் குரலில், ஒவ்வொன்றாக, நிதானமாக ஆரம்பித்தார். மேட்டுப்பாளையம் எறக்கம் என்றார். எருமைக்கு மனுஷன் வாசனை தெரியும் என்றார். இங்கே எலிதான் இருக்கிறது, பூனை என்றைக்கும் இருந்ததில்லை என்றார். போன வருஷம் மரமேறி யானைக்குப் பஞ்சர் ஒட்டினேன் என்று சொன்னாயே, அதையும் இப்போது பேசித் தீர்த்துவிடலாம் என்றார். ஒவ்வொன்றுக்கும் தொபியாஸின் முகம் சிவந்தது, கழுத்து நரம்பு எழுந்தது, வாய் திறந்து மூடியது. ஊட்டி கண்டக்டர் மாதிரி. கை மட்டும் நிற்கவில்லை.

கிரிக் கிரிக் டக்.

ரோஸ்லின் குறட்டை விட்டாள். கான்வென்ட்டில் அதற்கும் ஸ்கேல் உண்டு. இங்கே யாரும் அடிக்கவில்லை.

மூன்று மணி பஸ் போயிற்று. மூன்றரை மணி பஸ்ஸும் போயிற்று. அம்மாவும் குழந்தையும் அசையவில்லை. தொபியாஸ் கை மாற்றிச் சுற்றினார். டீக்கடைக்காரர் கிளாஸை வாங்க வந்து எட்டிப் பார்த்தவர், என்ன ஆச்சு, தொபியாஸுக்கு உடம்பு சரியில்லையா என்று ஜாடையில் கேட்டார்.

ஹாலன் காலி கிளாஸை நீட்டினார்.

"நாளைக்கு எல்லார்கிட்டயும் சொல்லணும்னு இருக்கேன்," என்று கிசுகிசுத்தார். "தொபியாஸ் ஒரு மணி நேரம் பேசாம இருந்தான்னு. என்னைத்தான் புளுகன்னுவாங்க."